அரிசியில் புதைந்த கிரிஃபன்

கடைக்காரன் ஷிபுவின் முதல் குத்து பால்பாண்டியின் மேலுதட்டைக் கிழித்தது. இரண்டாவது குத்தில் அவன் கண்ணாடி அலமாரியோடு சரிந்தான். கண்ணாடி நொறுங்கி, உள்ளே அடுக்கியிருந்த பளபளப்பான சீட்டுப் பொட்டலங்கள் அவன் மார்பின் மேல் கொட்டின.

"பிரணவ்னு ஒரு பேரைத்தாம்வே சொன்னேன்," என்றான் பால்பாண்டி தரையிலிருந்து. பற்களுக்கு நடுவே ரத்தம். "அதுக்கே இந்தப் பாடு. வீட்டு நம்பரையும் சேத்துச் சொல்லியிருந்தா எலும்பை எண்ணிக் கையில குடுத்திருப்ப."

ஷிபு அவனைத் தாண்டி வாசலுக்குப் பாய்ந்தான். வாசலில் ரத்னாபாய் நின்றாள். ஐம்பதை எட்டும் வயது, பருத்திப் புடவை, கக்கத்தில் குடை. ஒரு கையால் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று ஷிபு கணக்குப் போட்டது அவன் கண்ணிலேயே தெரிந்தது. அவன் கைக்கு அவள் அகப்படவில்லை. ஒரு அடி விலகி, ஷட்டரின் கொக்கியைப் பிடித்து முழு எடையோடு கீழே இழுத்தாள்.

குனிந்து வெளியேறப் பார்த்தவனின் தோளில் இரும்புப் பட்டை இறங்கியது. அவன் குப்புற விழுந்தான். பாதி உடம்பு கடைக்குள், பாதி படிக்கட்டில். ரத்னாபாய் ஷட்டரின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினாள். உள்ளே எதுவோ நெரிபடும் சத்தம் கேட்டது. இன்னும் அழுத்தினாள்.

"எக்கா, போதும்," என்றான் அவளுடைய உதவியாள் பால்பாண்டி, உதட்டைத் துடைத்துக்கொண்டு. "அவன் பேசணும்லா. செத்தவன்கிட்ட விசாரிக்க நமக்கு மந்திரவாதிதான் வேணும்."

அவள் முழங்காலை எடுத்தாள். எடுத்த பிறகுதான் தன் மூச்சு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதைக் கவனித்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பதினான்கு வருஷம் போலீஸில் இருந்தவள். ஒரு பிற்பகல், விசாரணை அறையில், ஒரு மனிதனின் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் அடித்தார்கள். அடுத்த மாதம் வேலையை விட்டாள். உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கைகளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இன்று காலை அவளுடைய துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த கலைச்செல்வி மேசைமேல் வைத்ததும் அந்த மாதிரி ஓர் அறையிலிருந்து வந்த பொருள்தான். ஒரு துவர்த்து. அவள் புருஷன் தாணுமாலையன் தலையில் சும்மாடு கட்டும் துண்டு. அதில் பாதிக்குமேல் ரத்தம் காய்ந்து மொரமொரத்திருந்தது. ஸ்டேஷனின் பின்பக்க ஜன்னல் வழியாக யாரோ அதை வெளியே போட்டிருந்தார்கள்.

"கேஸு எப்படி வேணும்னாலும் போட்டும்க்கா," என்றாள் கலைச்செல்வி. "ஆளு எனக்கு வேணும். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவாங்களாம். அதுக்குள்ள அவரு ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம். போட மாட்டேங்குறாரு. போடாத ஒவ்வொரு மணி நேரமும் அடிக்கிறானுவ."

தாணுமாலையன் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமக்கிறவன். மூன்று நாட்களுக்கு முன், கரமனை அக்ரஹாரத்தில் வாலாம்பாள் என்ற விதவையின் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய் இறக்கினான். பத்தேமுக்காலுக்கு அந்த அம்மாள் கோவிலுக்குப் போனாள். பன்னிரண்டரைக்குத் திரும்பியபோது, அவளுடைய ஒரே மகன் பிரணவ் கூடத்தில் கிடந்தான். இருபத்துநான்கு வயது, கம்ப்யூட்டர் எஞ்ஜினியர். வலது கையில் மூன்று விரல்கள் ஒவ்வொன்றாக முறிக்கப்பட்டிருந்தன. பிறகு அம்மிக் குழவியால் தலை உடைக்கப்பட்டிருந்தது. பிணத்தின் மேலும் சுற்றிலும் அரிசி சிதறியிருந்தது.

அரிசி இருந்தால் அரிசிக்காரன். போலீஸுக்கு அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. காலிச் சாக்கை எடுக்கத் திரும்பி வந்தான், திருடப் பார்த்தான், கொன்றான். அவன் அந்த நேரம் சாலையில் லாரி இறக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் எல்லாரும் அவனைப் போன்ற சுமட்டுக்காரர்கள் என்பதால், அந்தச் சாட்சி எடுபடவில்லை.

வீட்டில் நகை போகவில்லை. பணம் போகவில்லை. ஒன்றே ஒன்று காணாமல் போயிருந்தது. அதைப் போலீஸ் கேட்கவில்லை. ரத்னாபாய் பிரணவின் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு சீட்டு.

கிரிஃபன் வார்ஸ் என்று ஒரு விளையாட்டு. மந்திரவாதிகள், அரக்கர்கள், பறக்கும் மிருகங்கள் என்று ஒரு தொகுதிக்கு நூற்றிருபது சீட்டுகள். வெளிநாட்டிலிருந்து மூடிய பொட்டலங்களாக வரும். எதற்குள் எது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சில சீட்டுகள் சாதாரணம், சில மினுங்கும் தகடு ஒட்டிய ஃபாயில். பெரியவர்கள்கூடப் பைத்தியமாகச் சேர்த்தார்கள். அந்தத் தொகுதியில் எவனுக்கும் கிடைக்காத சீட்டு வெள்ளி கிரிஃபன்: சிங்க உடம்பு, கழுகுத் தலை, விரித்த சிறகு. இரண்டு மாதத்துக்கு முன் பிரணவுக்குக் கிடைத்தது. இப்போது, அலுவலக மேசையில் அவன் வைத்திருந்த ஆல்பத்தில் அது இல்லை.

திருவனந்தபுரத்தில் இந்தச் சீட்டுகளை விற்கிறவன் ஒருவன்தான். அவன் இப்போது சாலையில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், தன் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு அடிச்சே?" என்றாள் ரத்னாபாய்.

"நிங்க போலீஸ்னு நெனச்சேன்," என்றான் ஷிபு. "சரக்குக்கு பில்லு கிடையாது. பின்னே..." அவன் நிறுத்தினான்.

"பின்னே?"

"கிரிஃபன் எங்க இருந்துச்சுன்னு அறியுறது நான் மட்டும்தான் சேச்சி. நான்தானே அந்த ஐடியா குடுத்தேன். அதான் பேடி, பயம்."

அவன் வலிக்காத கையை நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கிக் குழித்துக் காட்டினான்.

"ஃபாயில்ன்னா முன்னாடி தகடு, பின்னாடி காகிதம். நம்ம ஊரு மழைக்குக் காகிதம் ஈரம் குடிச்சு வீங்கும். தகடு வீங்காது. அப்போ கார்டு இப்படி வளையும். கிண்ணம் மாதிரி. திருவனந்தபுரத்துல எல்லாவன் ஃபாயிலும் கிண்ணம்தான். பிரணவ் வீடு ஆத்தங்கரை வேற. கிரிஃபன் கிண்ணம் ஆகுதுன்னு கரஞ்சு அழுதுட்டு வந்தான். உப்பு ஜாடியில அரிசி போடுவாங்கல்ல, அதுபோல அரிசிப் பாத்திரத்துக்குள்ள வைடான்னேன்."

"வெச்சானா?"

"வெச்சான். ரெண்டு மாசம் வெச்சா அதிகமா காஞ்சிடும். அப்போ மறிச்சு வளையும்." ஷிபு கையைக் கவிழ்த்தான். "கூரை மாதிரி."

பால்பாண்டி ஒரு சீட்டைத் தன் மார்பிலிருந்து உரித்தெடுத்துப் பார்த்தான். "எங்க ஊர்ல வெயிலுக்கு மனுசனே கூரை மாதிரிதாம்ல வளைவான்."

ஷிபு சிரிக்கவில்லை. அவன் மேசையின்மேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்னாபாயும் பார்த்தாள். போனோடு ஒரு சின்னப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தது. கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டும் பெட்டி. புதிதாக வாங்கியது, மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை.

"சொல்லு," என்றாள்.

"அன்னிக்கு ஒரு போன் வந்துச்சு. கார்டு கூரை மாதிரி வளைஞ்சிருக்கு, தகடு உரிஞ்சு போகுமா, எப்படி நேராக்கணும்னு கேட்டாரு. இந்த ஊர்ல அப்படி ஒருத்தன் கேட்டதே இல்ல. எல்லாரும் கிண்ணத்துக்குத்தான் வைத்தியம் கேப்பாங்க. நான் சொன்னேன், ஒண்ணும் செய்யாண்டா, வெளியில வெச்சா தானே நிமிர்ந்துக்கும்னு."

"பிரணவ் குரலா?"

"இல்ல. அவனுக்கு இதெல்லாம் நல்லா அறியும், அவன் எதுக்குக் கேக்கணும். இது பெரிய ஆளு. மெல்லப் பேசினாரு. தேங்க்ஸ் சொல்லி வெச்சாரு."

ரத்னாபாய் பெட்டியின் பொத்தானை அழுத்தி, பழைய அழைப்புகளைப் பின்னோக்கி ஓட்டினாள். மூன்று நாட்களுக்கு முந்தைய தேதி. பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. நம்பரைத் தன் குறிப்புப் புத்தகத்தில் இருந்த நம்பரோடு ஒப்பிட்டாள். ஒவ்வொரு எண்ணாக, இரண்டு முறை.

அது பிரணவ் வீட்டு நம்பர்.

பால்பாண்டி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "செத்தவன் வீட்டுல இருந்து, செத்த நேரத்துக்கு," என்றான். "பூத்துக்கு நடக்கச் சோம்பல் பட்டுருக்கான் பாருங்க."

மனதுக்குள் அவள் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கால்மாட்டில் ஒருவன் இன்னும் சூடு ஆறாமல் கிடக்கிறான். நின்றிருப்பவன் ரிசீவரை எடுக்கிறான். அவன் கையில் ஒரு சீட்டு. அந்த நிமிஷம் உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே துக்கம், அந்தச் சீட்டு வளைந்திருப்பது. வெறியில் அடிக்கிறவனை அவளுக்குத் தெரியும். அடித்து முடித்த பிறகு நன்றி சொல்லிப் போனை வைக்கிறவனை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டோ கரமனைப் பாலத்தை நெருங்கியபோது மழை வலுத்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரை முட்ட ஓடியது.

"இந்த ஊர்ல என்னை வைய நெனைக்கிறவன் எல்லாம் 'பாண்டி'ங்கான்," என்றான் பால்பாண்டி, வீங்கிய உதட்டோடு. "என் பேர்ல பாதி ஏற்கெனவே அதுதான். அவன் திட்டுதான், எனக்கு மரியாதையா விழுது. அந்த ஷிபு பய மட்டும் பேசாம நேரா குத்திட்டான்."

"வாயை மூடிக்க. தையல் போடணும்."

"மூடுனா தைக்கலாம்க்கா. அதான் பிரச்சினை."

வாலாம்பாள் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவளுடைய தம்பி நீலகண்டன். நாற்பத்தைந்து வயதிருக்கும்; கல்யாணமாகாதவர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர், அரசாங்க அலுவலகத்தில் வேலை. மழித்த முகம், வெளுத்த வேட்டி, கக்கத்தில் ஒரு துணிப்பை.

"வாங்கோ," என்றார். "அக்கா படுத்துண்டிருக்கா. மூணு நாளா பச்சைத் தண்ணி இறங்கலை. நான்தான் டெத் சர்டிபிகேட், அது இதுன்னு அலைஞ்சிண்டிருக்கேன்."

கூடத்தில் தரை கழுவப்பட்டிருந்தது. ஆனாலும் ரத்தம் தரையை முழுவதும் விட்டுப் போகவில்லை. தூணைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. தீட்டு வீடு, அடுப்பு மூட்டவில்லை. உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்த கேரியர் திறக்கப்படாமல் சுவரோரம் இருந்தது. நீலகண்டன் ஊஞ்சலில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். உட்காருவதற்கு முன் கைகளை மேல்துண்டில் அழுத்தித் துடைத்தார்.

பால்பாண்டி தூணடியில் குத்துக்காலிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து நகத்தால் எதையோ நெம்பினான். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் அவன் ஐந்து வருஷம் ஓட்டலில் மாவரைத்தவன். அந்த அரிசி மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தான்.

"பச்சரிசி," என்றான்.

"அதனால என்ன?" என்றார் நீலகண்டன்.

"ஒண்ணுமில்ல சாமி. பல்லு ஆடுது, அரிசியில சோதிச்சுப் பாத்தேன்."

ரத்னாபாய் உள்ளறைக்குப் போனாள். வாலாம்பாள் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"மாமி, ஒரு கேள்விதான். அன்னிக்கு வந்த மூட்டை என்ன அரிசி?"

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. "புழுங்கல். இட்டிலிக்கு."

"எங்க இறக்கினான்?"

"கொல்லைத் தாவாரத்துல. அங்கேதான் இறக்குவான். உள்ளே வந்ததே இல்லை அவன். மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே இருக்கு."

"பச்சரிசி எங்க வெச்சிருக்கீங்க?"

வாலாம்பாள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை இல்லை. அது, எதிர்பார்த்திருந்த ஒருவர் வந்துசேர்ந்ததைப் பார்க்கும் பார்வையாக இருந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

ஆளுயரத்தில் பாதி இருக்கும் தகர டிரம். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொட்டிய பச்சரிசி. மேலே ஒரு பித்தளை உழக்கு கவிழ்ந்திருந்தது.

"உழக்கை எப்பவும் இப்படித்தான் வெப்பீங்களா?"

"இந்தாத்து வழக்கம்," என்றாள் வாலாம்பாள். "என் மாமியார் சொல்லிக்குடுத்தது. கவுத்துத்தான் வெக்கணும்." குரல் தட்டையாக இருந்தது. "எங்காத்துல, நான் பொறந்தாத்துல, வேற மாதிரி. உழக்கு வெறுமனே இருந்தா ஆமும் வெறிச்சோடிப் போகும்பா அம்மா. அரிசியை நெறச்சு, தலை தட்டி, நேரா நிமித்தி வெக்கணும். சின்னதுல மறந்தா கையிலே சூடு வெப்பா. எனக்கும் வெச்சிருக்கா. அவனுக்கும் வெச்சிருக்கா."

ரத்னாபாய் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது சில சமயம் கணுக்காலைப் பிடித்துக்கொள்வதைவிடக் கொடுமையானது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் காத்திருந்தாள்.

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடி உள்ளே வந்தேன். குழந்தைக்கு வாயிலே தீர்த்தம் விடணும்னு. டிரம்முக்கு மூடி இல்லை. இங்கேர்ந்து கூடம்வரைக்கும் கீழேயெல்லாம் அரிசி. மேலே உழக்கு." வாலாம்பாள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். "நெறச்சு, தலை தட்டி, நிமித்தி வெச்சிருந்தது."

கூடத்தில் ஊஞ்சல் சங்கிலி ஒருமுறை கிரீச்சிட்டு நின்றது.

"அதை எடுத்துக் கவுத்து வெச்சேன். கவுத்தாச்சுன்னா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு நெனச்சுண்டேன். எனக்கு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"மாமி, இதுக்காக மூணு நாளா ஒருத்தனை அடிச்சிட்டு இருக்காங்க. அவனுக்கும் ஒருத்தி இருக்கா."

"தெரியும்," என்றாள் வாலாம்பாள். "அவள் நேத்திக்கு வாசல்ல வந்து நின்னா. நான் கதவைத் திறக்கலை."

"அக்கா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மென்மையான குரல். "உனக்கு உடம்பு சரியில்லை. பேசாதே."

சமையலறை வாசலில் நீலகண்டன் நின்றார். இடது கக்கத்தில் பை. வலது கையில், சுவரில் சாய்த்து வைத்திருந்த அரிவாள்மணை. தேங்காய் உடைத்துத் துருவி, காய் நறுக்கும் கனத்த இரும்பு. அதை அவர் பலகையோடு தூக்கிப் பிடித்திருந்தார்.

ரத்னாபாய் நகர்வதற்குள் அது இறங்கியது. கழுத்துக்குக் குறிவைத்தது முன்னங்கையில் விழுந்தது. சதை திறந்துகொண்டதை முதலில் பார்த்தாள். வலி பிறகுதான் வந்தது. அவள் டிரம்மின்மேல் சாய்ந்தாள். டிரம் உருண்டு அரிசி தரையெங்கும் ஓடியது. அவர் மீண்டும் ஓங்கினார். கால் அரிசியில் வழுக்கியது, இரும்பு சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது.

பால்பாண்டி பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். நீலகண்டன் முழங்கையால் அவன் வாயிலேயே இடித்தார். கிழிந்த உதடு இன்னும் கிழிந்தது. பிடி விட்டது. ஆனால் விழும்போது பால்பாண்டியின் கையில் துணிப்பை இருந்தது.

அவன் எழுந்து கொல்லைக்கு ஓடினான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றுச் சுவரில் ஏறி நின்று, பையைக் கிணற்றுக்கு மேலாக நீட்டிப் பிடித்தான்.

"ஒரு எட்டு வெச்சீரு, கிரிஃபனுக்கு நீச்சல் பழக்கிருவேன்."

நீலகண்டன் தாவாரத்தில் நின்றுவிட்டார். அதுவரை அவர் முகத்தில் இல்லாத ஒன்று அப்போதுதான் வந்தது. பயம். அரிவாள்மணை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"வேண்டாம்," என்றார். "ஈரம் பட்டுடும். தாவாரத்துக்குள்ளே வா அப்பா. உன்னை ஒண்ணும் பண்ணலை. மழை தெறிக்கறது பாரு, பையைக் கொஞ்சம் அணைச்சுப் பிடி."

ரத்தம் சொட்டும் கையைப் புடவைத் தலைப்பால் இறுக்கிக்கொண்டு வந்த ரத்னாபாய் அந்த மனிதரைப் பார்த்தாள். தன் அக்காள் மகனின் விரல்களை ஒவ்வொன்றாக முறித்தவர் ஒரு துணிப்பைக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நூத்திப்பத்தொன்பது வெச்சிருக்கேன்," என்றார் அவர், பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏழு வருஷம், தபால்ல வரவழைச்சுச் சேத்தது. கடைசிப் பக்கத்துல ஒரு உறை காலி. தினம் ராத்திரி அந்தக் காலி உறையைப் பாத்துட்டுத்தான் படுப்பேன். நான் தாடான்னு கேக்கலை. ஒரு தடவை தொட்டுப் பாக்கறேன்னேன். அரிசியிலேர்ந்து எடுத்துக் காட்டுடான்னேன். சிரிச்சான். 'வேண்டாம் மாமா, உங்க கை வேர்க்கும்'னான்."

அவர் தன் உள்ளங்கைகளை மேல்துண்டில் துடைத்தார். மீண்டும் துடைத்தார்.

"அவன் கையைப் பிடிச்சேன். அந்த விரலாலேதானே அவன் மட்டும் தொடறான்..."

அந்த வாக்கியம் முடியவில்லை. வாலாம்பாள் எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் கையில் பித்தளை உழக்கு இருந்தது. முதல் அடி தம்பியின் நெற்றியில் விழுந்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. அப்போதும் கிணற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அடியில் மண்டியிட்டார். மூன்றாவதில் புருவம் பிளந்து கண்ணை ரத்தம் மூடியது. வாலாம்பாள் ஒரு சத்தமும் இல்லாமல் அடித்தாள், அரிசி அளக்கிற அதே கணக்கான கையசைவோடு.

ரத்னாபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது ஐந்தாவது அடிக்குப் பிறகு. இரண்டாவதிலேயே பிடித்திருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். பால்பாண்டிக்கும் தெரியும்.

போலீஸ் ஜீப் வருவதற்குள் ரத்னாபாய் கூடத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். தடித்த ஆல்பம். பக்கத்துக்கு எட்டு உறைகள். ஒவ்வொரு சீட்டும் நேராக, சுத்தமாக, எண் வரிசையில். கடைசிப் பக்கத்தின் கடைசி உறையில் வெள்ளி கிரிஃபன் இருந்தது. சிறகு வெளிச்சத்தில் மினுங்கியது. மூன்று நாள் ஆற்றங்கரைக் காற்றில் அதன் கூரை வளைவு நிமிர்ந்து, நேராகி, அதையும் தாண்டி, இப்போது ஊரில் எல்லாருடையதையும் போலக் கிண்ணமாகக் குழியத் தொடங்கியிருந்தது.

ஐந்தரை மணிக்குத் தாணுமாலையனை வெளியே விட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு கான்ஸ்டபிள் மட்டும் அவன் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். அவன் சுவரைப் பிடித்துப் படியிறங்கினான். ஒரு கண் திறக்கவே இல்லை. கலைச்செல்வி ஓடிப் போய் அவன் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டாரா?" என்று கேட்டாள் ரத்னாபாய்.

"போடலக்கா," என்றாள் கலைச்செல்வி. குரலில் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது. "போடவே இல்ல. கடைசிவரைக்கும்."

பிறகு அவள் அவன் வலது கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நடு மூன்று விரல்களும் கருத்து வீங்கி, உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்தன. அவள் ஒன்றை மெல்ல நிமிர்த்தப் பார்த்தாள். தாணுமாலையன் பல்லைக் கடித்தான். விரல் நிமிரவில்லை.

"இது சரியாயிரும்லாக்கா?" என்றாள். "மூட்டையில கொக்கி போட்டுத் தூக்குற கை இது. கொஞ்ச நாள் வீட்டுல இருந்தா தானா நிமிந்துக்கிடும்லா?"

ரத்னாபாய் பால்பாண்டியைப் பார்த்தாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பால்பாண்டி, மழையில் நனைந்துகொண்டு, ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு நடந்துகொண்டிருந்தான்.